பஞ்சாமிர்த மணம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தாதியர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பொறுப்புத் தாதி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் எழுதுகிற கதைகளில் சாகக் கிடந்தவர்களெல்லாம் அவர்களைக் கண்டதும் எழும்பி நடந்திருப்பார்கள். "அப்பிடி வேண்டாம் அக்கா. உங்கடை பிழையள் ரண்டு மூண்டை எழுதித் தாங்கோ" என்றாள். இரண்டு மூன்று என்று அவள் சொன்னது அவளுடைய பெருந்தன்மை. முப்பத்து நான்கு வருடம் வேலை செய்தவளிடம் ஒரு கொப்பி நிறைய இருக்கும். அதில் எனக்கு மிகவும் கூசுகிற ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

உங்களைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் எங்களைவிடப் படித்தவர்கள். கையில் ஊசிக்குழாயை ஒட்டுகிற விதத்தைப் பார்த்தால் கனடாவுக்குப் பார்சல் கட்டுவதுபோல இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, கழன்று விழாது. ஆனால் கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நீங்களும் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்பீர்கள். அந்தப் பழமொழி மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்று மூக்கை நம்பியிருக்க வேண்டும்.

அப்போது நான் ஓர் ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். எந்த வைத்தியசாலை என்று கேளாதீர்கள். அங்கே இன்னும் எனக்குத் தேநீர் தருகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. கந்தசஷ்டி ஐந்தாம் நாள். காலை பத்து மணியிருக்கும், மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டோவில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நடுவில் சுன்னாகத்துப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் கந்தையா அண்ணை. அறுபத்து மூன்று வயது. நனைந்த வேட்டி, இடுப்பில் சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. ஒரு பக்கம் மனைவி பூமணி அக்கா. மறுபக்கம் அக்காவின் தமையனார், ஓய்வு பெற்ற விதானையார், அதாவது கிராம அலுவலர். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் என்றாலும் ஊரே அவரை விதானையார் என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படித்தான் நடந்துகொள்வார்.

"கோயில் வீதி சுத்தேக்கை விழுந்திட்டார். நெஞ்சை அடைக்குதாம். மூச்சும் இழுக்குது" என்றார் விதானையார். "சீனி வருத்தமும் இருக்கு" என்று பூமணி அக்கா மெதுவாகச் சேர்த்துச் சொன்னா.

கட்டிலில் ஏற்றி, குனிந்து சால்வையை அவிழ்க்கும்போது அண்ணையின் மூச்சு என் முகத்தில் பட்டது. கதலிப்பழமும் தேனும் கலந்து கொஞ்சம் புளித்த மணம். கோயிலிலிருந்து நேரே வந்தவர். எனக்கு உடனே பஞ்சாமிர்தம் ஞாபகம் வந்தது. பயந்துபோயிருந்த மனிதரைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்துக் கேட்டேன்.

"என்ன அண்ணை, விரதத்துக்குள்ளை பஞ்சாமிர்தம் ஒளிச்சுச் சாப்பிட்டனீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "இல்லைத் தங்கச்சி. அஞ்சு நாளா... பொழுதுபட ஒரு தம்ளர் பால். வேறை ஒண்டும்... வாயிலை வைக்கேல்லை."

அவர் மனம் நொந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. விளங்க வேண்டிய மற்றது விளங்கவில்லை.

ஈ.சி.ஜி எடுத்தோம். அன்று பணியில் இருந்தவர் எங்கள் சின்ன டொக்டர். வேலைக்கு வந்து ஆறு மாதம். நல்ல பிள்ளை, புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்றுகூடச் சொல்லுவார். கடதாசியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மாரடைப்பில் கோடுகள் எப்படி மேலே எழும்பி நிற்குமோ அப்படியே நின்றன. அவர் மட்டுமல்ல, யார் பார்த்தாலும் மாரடைப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள். "மிஸி, அடைப்புக் கரைக்கிற மருந்தை எடுங்கோ, கெதியா" என்றார்.

கெதியாக எடுத்தேன். அந்த விடயத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மருந்தைக் கரைத்து, ஊசியில் ஏற்றி, பெயர் ஒட்டித் தட்டில் வைத்துவிட்டேன். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்த்திருக்க வேண்டும். சீனி வருத்தம் என்று அக்கா சொன்னவுடனேயே செய்திருக்க வேண்டிய வேலை, என்னுடைய வேலை. நான் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், ஐந்து நாள் பட்டினி கிடந்த மனிதருக்குச் சீனி எங்கிருந்து ஏறப்போகிறது என்று என் மனம் தானாகவே தீர்ப்பு எழுதிவிட்டது.

அந்த நேரம் எங்கள் பெரிய டொக்டர் உள்ளே வந்தா. கிளினிக்குக்குப் போகிற வழியில், யாரும் கூப்பிடாமல் எட்டிப் பார்த்தது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. என்னைவிட எட்டு வயது இளைய பெண். அவவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஈ.சி.ஜியை நீட்டினால் வாங்கி, பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுவா. ஒரு நிமிடம் நோயாளியையே பார்த்துக்கொண்டு நிற்பா. அவசரத்தில் நிற்கிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு யுகம். பின்னால் நின்று நாங்கள் அவவைப் போல நடித்துக் காட்டிச் சிரித்ததும் உண்டு.

அன்றும் கடதாசி முதுகுக்குப் பின்னால் போனது.

"மாரடைப்பு டொக்டர். மருந்து ஆயத்தம்" என்றார் சின்னவர்.

"அது சரி. இவர் ஏன் இப்பிடி மூச்சு விடுறார்?"

"நுரையீரலிலை நீர் கட்டத் துவங்கியிருக்கும் டொக்டர்."

"கேட்டுப் பாத்தனீரோ?"

சின்னவர் கேட்டுப் பார்த்தார். நுரையீரல் சுத்தம். விரலில் மாட்டியிருந்த கருவியில் ஒட்சிசனும் நன்றாகவே இருந்தது. ஆனால் அண்ணை, தோட்டம் முழுவதும் கொத்திவிட்டு வந்தவர்போல, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டொக்டர் குனிந்தா.

"மிஸி, ஒரு மணம் வருதல்லோ?"

"ஓம் டொக்டர். பஞ்சாமிர்தம்."

"ஆர் சாப்பிட்டது?"

"அவர் சாப்பிடேல்லையாம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சாப்பிடாத மனிதரின் வாயிலிருந்து பழ மணம் வருகிறது. அரை மணித்தியாலமாக இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், மாரடைப்புக்கு மருந்து கரைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 

டொக்டர் பூமணி அக்காவின் பக்கம் திரும்பினா. "இன்சுலின் ஊசி கடைசியா எப்ப போட்டவர்?"

"விரதம் துவங்கின அண்டே நிப்பாட்டிட்டார் டொக்டர். மருந்து பிறிட்ஜுக்குள்ளை அப்பிடியே கிடக்கு."

விரலில் குத்திச் சீனி பார்த்தேன். கருவி இலக்கம் காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. நாடியில் இரத்தம் எடுத்து வாயுப் பரிசோதனைக்கு ஓடினோம். சாதாரணமாக ஏழு தசம் நாலில் இருக்க வேண்டிய இரத்தம் சரியாக ஏழில் வந்து நின்றது. புள்ளி நாலுதானே என்று நினைக்காதீர்கள். இரத்தம் அவ்வளவு புளித்துப் போயிருந்தது என்று அர்த்தம். பொற்றாசியமும் ஏறி உச்சத்தில் நின்றது.

இன்சுலின் இல்லாமல் உடம்பு சீனியை எரிக்க முடியாமல் கொழுப்பை எரித்திருக்கிறது. அதில் வந்த அமிலம்தான் அந்த மணம். அந்த அமிலத்தை ஊதித் தள்ளத்தான் அண்ணை அப்படி மூச்சு விட்டார். புளித்த இரத்தமும் ஏறிய பொற்றாசியமும் சேர்ந்து இதயத்தின் மின்சாரத்தைக் குழப்பி, மாரடைப்பைப்போல ஒரு படத்தை வரைந்து காட்டியிருக்கிறது. இது நான் வகுப்பில் படித்துப் பரீட்சையில் எழுதிய பாடம். புள்ளியும் நல்ல புள்ளி.

டொக்டர் இப்போதுதான் ஈ.சி.ஜியை முன்னால் எடுத்துப் பார்த்தா. பிறகு ஈரத் துணியால் அண்ணையின் நெற்றியைத் துடைத்தா. திருநீற்றுக்குக் கீழே, விழுந்த இடத்தில், புளியங்கொட்டையளவு வீக்கம்.

"உந்த மருந்தைத் தள்ளி வையுங்கோ மிஸி. இவருக்கு அதைப் போட்டால் இரத்தம் உறையாது. தலைக்குள்ளை கசிஞ்சால் நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கவேண்டியதுதான்."

"உண்மையாவே மாரடைப்பும் இருந்தால் டொக்டர்?" என்று கேட்டார் சின்னவர். நியாயமான கேள்வி. அவவும் அதைப் பரிகசிக்கவில்லை.

"இருக்கலாம். அதுதான் எனக்கும் பயம். சேலைனும் இன்சுலினும் துவங்குங்கோ, இதயத்தைக் காக்கக் கல்சியம் இப்பவே போடுங்கோ. அரை மணித்தியாலத்திலை திரும்ப ஒரு ஈ.சி.ஜி. கோடு இறங்காட்டி நான் பிழை. அப்ப வேறை முடிவு எடுப்பம்." கல்சியம் ஏறும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு, கிளினிக்கில் யாரோ மயங்கி விழுந்ததாக ஆள் வர அங்கே ஓடிவிட்டா.

அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாசலில் விதானையார். மருந்துத் தட்டு உள்ளே போனதையும் கண்டார், அது தொடாமல் திரும்பி வந்ததையும் கண்டார்.

"மாரடைப்பெண்டு சொன்னியள். இப்ப அந்த மருந்தைத் தூக்கி வைச்சிட்டு என்ன விளையாட்டு?"

"இரத்த வாயு பாத்திருக்கிறம் ஐயா. அதிலைதான்..." என்று சின்னவர் தொடங்கினார்.

"வாயுவோ? வாயுவுக்கோ இவ்வளவு ஆர்ப்பாட்டம்? அதுக்கு உள்ளியும் ஓமமும் அவிச்சுக் குடுத்தால் காணுமே. நான் ஆளைக் கூட்டிக்கொண்டு போறன்."

விளக்கம் சொன்ன பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் சனத்திடம் வாயு என்று சொன்னால் அது வயிற்றில் இருப்பது. இரத்தத்துக்குள் அதற்கு இடமே இல்லை. "வாயு இல்லை ஐயா. இரத்தம் புளிச்சுப்போச்சு" என்றேன் நான். புளித்துவிட்டது என்ற சொல் அவருக்குப் பிடிபட்டது. தோசைமாவும் பாலும் புளிப்பதைக் கண்டவர்தானே. ஆனாலும் ஓட்டோக்காரனைப் போகவேண்டாம் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தி வைத்தார்.

உள்ளே வந்தால் அண்ணையின் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவர் கையில் பரிசோதனைத் துண்டை வைத்துக்கொண்டு நின்றார். "ஏழு, மிஸி. ஏழோடை இதயம் எப்பிடி இயங்கும்? சோடா பைகாபனேற்றை ஒரேயடியாப் போட்டு அமிலத்தை முறிப்பம். ரண்டு போத்தில் எடுங்கோ."

எனக்கும் எடுக்கத்தான் கை போனது. புளித்ததற்குச் சோடா என்பது அடுப்படியில் நிற்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அன்று காலை ஏற்கனவே ஒரு மருந்தைக் கெதியாகக் கரைத்து மூக்குடைபட்டவள் நான். அந்த வெட்கம் இருந்தபடியால்தான் வாய் திறந்தேன்.

"டொக்டர், பெரிய டொக்டரிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டுப் போடுவம்."

"நேரம் போகுது மிஸி."

"நானே போன் அடிக்கிறன். நீங்கள் கதையுங்கோ."

கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். மறுமுனையில் அவ மூச்சு வாங்குவது கேட்டது, படியேறிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"சோடாவோ? வேண்டாம். இஞ்சை பாரும் தம்பி, இரத்தம் புளிச்சால் இதயத் தசை சோரும், அட்ரினலின் அதட்டினாலும் காது குடுக்காது. அது உண்மை. ஆனால் உடம்பும் சும்மா நிக்கேல்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டு போற முடியுரு நாடியள் அமிலத்திலை விரிஞ்சு குடுக்கும். இரத்தமும் ஒட்சிசனை இறுக்கிப் பிடிச்சு வைக்காமல் தசைக்கு லேசா விடும். நீர் ஒரேயடியாச் சோடாவை ஊத்தி மற்றப் பக்கம் தள்ளினால், நாடி சுருங்கும், ஒட்சிசனை இரத்தம் விடாது, பொற்றாசியம் கிடுகிடுவெண்டு விழும். துண்டிலை இலக்கம் வடிவா வரும். அந்த வடிவான துண்டை ஆரிட்டைக் குடுக்கப் போறீர்?"

சின்னவர் பரிசோதனைத் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"அழுத்தம் இறங்கிறது தண்ணி காணாமல். அஞ்சு நாள் காய்ஞ்ச மனுசன். சேலைனைக் கூட்டும். இன்சுலின் தன்ரை வேலையைச் செய்யும். மிஸியைப் பக்கத்திலை இருந்து மூச்சை எண்ணச் சொல்லும்."

எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. பிறகு முப்பத்தைந்து. திரும்பவும் முப்பத்தாறு. பிள்ளைகளே, ஒன்றும் செய்யாமல் இருப்பதைப்போலக் கஷ்டமான வேலை எங்கள் தொழிலில் இல்லை. கை ஓடிக்கொண்டிருந்தால் பயம் தெரியாது. நான் அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, முருகா, என் பகிடிக்காக இவரை எடுத்துவிடாதே என்று மனத்துக்குள் மன்றாடினேன். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, விதானையார் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணித்தியாலம் கழித்து எடுத்த ஈ.சி.ஜியில் கோடுகள் சற்று இறங்கியிருந்தன. ஒரு மணித்தியாலத்தில் இன்னும் இறங்கின. மத்தியானம் எடுத்ததை யாரிடம் காட்டினாலும் இவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லுவார்கள். மாலையில் வந்த இரத்தப் பரிசோதனையும் இதயத்தில் சேதம் இல்லை என்றது. மூச்சு இருபத்திரண்டுக்கு வந்தது. அண்ணை கண் திறந்து, "பூசை முடிஞ்சுதோ?" என்று கேட்டார். விதானையார் வெளியே போய் ஓட்டோவை அனுப்பிவிட்டு வந்து, இரத்தம் புளித்தால் என்ன நடக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். சோடா போடக்கூடாது என்பதையும் சேர்த்து, தான் சொன்னதுபோலவே சொன்னார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நானும் உயிர் காப்பாற்றிய ஓய்வூதியக்காரியாக இருந்திருப்பேன். நான்கு நாள் கழித்து அண்ணைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. நோயாளர் விடுதிக்குப் போய், கட்டில் பக்கத்தில் நின்று, ஒரு பிரசங்கம் வைத்தேன்.

"அண்ணை, விரதம் பிடிக்கிறது உங்கடை விருப்பம். ஆனால் பிடிக்க முதல் எங்களிட்டை வந்து கேக்கவேணும். அளவை மாத்தித் தருவம். சாப்பிடாட்டியும் ஊசியை ஒரேயடியா நிப்பாட்டக் கூடாது. விளங்குதோ? அஞ்சு நாள் ஊசியை விட உங்களுக்கு ஆர் சொன்னது?"

கந்தையா அண்ணை குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள் தங்கச்சி."

"நானோ?"

பூமணி அக்கா பையைத் திறந்து, பொலித்தீன் உறையால் கவனமாகச் சுற்றிய கிளினிக் கொப்பியை எடுத்தா. அதற்கு முந்தின வருடம் ஆள் பற்றாக்குறை என்று மூன்று மாதம் என்னைச் சீனி வருத்தக் கிளினிக்குக்கு அனுப்பியிருந்தார்கள். வரிசையில் நூறு பேர் நிற்பார்கள். முகம் பார்க்க நேரம் இருக்காது. கொப்பியின் உள்மட்டையில், என் கையெழுத்தில், கீழே இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தது: சாப்பிடாமல் ஊசி போடக்கூடாது.

சீனி இறங்கி மயங்கி விழாமல் இருக்க எல்லோருக்கும் சொல்லுகிற வசனம் அது. நீங்களும் இன்று காலை சொல்லியிருப்பீர்கள். அதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. விரதம் பிடிக்கிற ஊரில், விரதம் பிடிக்கிற மனிதருக்கு, அதற்கு அடுத்த வசனத்தை நான் எழுதவில்லை.

"இவர் என்ரை சொல்லுக் கேளார் பிள்ளை. மிஸி சொன்னால் வேதவாக்கு" என்றா பூமணி அக்கா. குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவ உண்மையிலேயே எனக்குப் பெருமை சேர்ப்பதாகத்தான் நினைத்தா. அண்ணையும் நல்ல மாணாக்கன்போலத் தலையாட்டினார்.

எனக்கு முகம் எரிந்தது. "அது நான் அரைவாசி எழுதினது அண்ணை. பிழை என்னிலை" என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கொப்பியை வாங்கி, அந்த வரிக்குக் கீழே சரியான வசனத்தை எழுதப் பேனையை எடுத்தேன். சாப்பிடாத நாளில், காய்ச்சல் வந்த நாளில், வாந்தி எடுத்த நாளில், விரத நாளில் என்று ஒவ்வொன்றாக யோசிக்க யோசிக்க, வசனம் முடிய மறுத்தது.

அண்ணை கழுத்தை நீட்டிக் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி கஷ்டப்படுறியள்? சுருக்கமா எழுதுங்கோ. நீங்கள் எழுதினால் நான் அப்பிடியே செய்வன்."

நான் பேனையை மூடிவிட்டு, கதிரையை இழுத்து அவருக்குக் கிட்டப் போட்டு உட்கார்ந்தேன்.